சம்பந்தி வீட்டுக்கு ஒரு மன்னிப்பு

ஹடப்சர், புணே
12.1.2003

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, நான், உன் தங்கை ப்ரீதி மூவரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று நான் மட்டும் கேட்கவில்லை, கோந்த்வாவில் இருக்கும் ப்ரீதியின் வருங்கால மாமியார் அமலாவும் கேட்கிறாள், அதுவும் ஒரு மாதிரியாகக் கேட்கிறாள்.

தையில் வைத்திருந்த நிச்சயதார்த்தத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் அவளுக்கு ஒரு போன் போட்டு, வரமுடியாது மாமி என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே. ஜப்பானியப் பரீட்சையில் முதல் நிலை பாஸ் செய்த மேதாவி ஆயிற்றே நீ, இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறாய். என் நடத்தை இயல்புக்கு மாறானது, அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை என்றா பெண் கொடுக்கும் இடத்துக்கு எழுதுவார்கள்? ஒசாகாவில் அப்படி எழுதுவதுதான் மரியாதையாம், அப்பா உனக்கு வக்காலத்து வாங்குகிறார். உலக வழக்கம் தெரியாதவன் ஹிஜோஷிகி, விசித்திரமாக நடந்துகொண்டால் அது கிகோ, ஆளைப் பழிக்க அங்கே விதவிதமாக வார்த்தை இருக்கிறது என்று தீபாவளிக்குப் பெருமையாக எழுதினாயே, அத்தனையையும் உன் தலையிலேயே கொட்டிக்கொள்ளவா படித்தாய்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான்.

அமலா அந்தக் கடிதத்தோடு ரிக்‌ஷா பிடித்து வந்துவிட்டாள். பையனுக்கு மனசு கினசு சரியில்லையா, ஏதாவது கட்பட், கோளாறு இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று, கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் கேட்டாள். உன்னை நேரில் பார்த்த பிறகு நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறாராம். ப்ரீதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது, படிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவள் போனபிறகு எனக்கே பயம் வந்துவிட்டது பத்ரி. இப்போதெல்லாம் போனில் நீ இருமினால் மன்னிப்புக் கேட்கிறாய், நான் இருமினாலும் நீதான் மன்னிப்புக் கேட்கிறாய். முன்பெல்லாம் வாய்க்கு வாய் என்னோடு சண்டை போடுவாய். நீ சிரித்துத்தான் எவ்வளவு நாளாயிற்று? அந்த ஆபீசில் உன்னை யார் என்ன சொல்லி இப்படி ஆக்கினார்கள்?

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நிச்சயத்துக்கு மாசியில் ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் மானேஜர் என்ன பட்டம் கொடுத்தாலும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பி வா, டிக்கெட் போட்டதும் மறக்காமல் போன் செய். தீர்க்காயுசாக இரு. அமலா உன்னைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் நான் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனந்தவல்லி