ஒதுங்கியவர்கள்

வெப்பத் தஞ்சக் கூடம், தூத்துக்குடி உப்பளம்
பதிபவர்: காலநிலை ஆய்வாளர் ரெ. சாரதாமணி

2091 மே 9, காலை 8.00

வெளியே 44 டிகிரி, உள்ளே 24. காற்றில் ஈரம் மிக அதிகம். நண்பகலுக்கு மேல் வியர்வை காயாது. வெளியே நிற்பவர் உடல் தானாகக் குளிராது. கருவிகள் சரியாக இயங்குகின்றன. கூடத்தில் நான் ஒருத்திதான். மற்ற இருக்கைகள் எல்லாம் காலி.

வெப்பத்தில் சிக்கிய எவர் தஞ்சம் கோரினாலும் கதவு திறக்க வேண்டும் என்பது சட்டம். திறப்பது 'வாயில்' என்ற இயந்திரம். மனிதர் கையில் சாவி இருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். அதனால் என்னிடம் சாவி இல்லை.

பகல் 12.10

உப்பு வாரும் பெண்கள் கதவுக்கு வந்திருக்கிறார்கள். தினமும் கண்ணாடிக்கு அப்பால் கையசைத்துவிட்டுப் போகிறவர்கள்தான். முன்னால் பேச்சிக்கனி. அவளைப் பிடித்துக்கொண்டு மருமகள் சுடலைவடிவு, நிறைமாதக்காரி.

வாயில்: "தாங்கள் தஞ்சம் கோருகிறீர்களா?"

பேச்சிக்கனி: "தஞ்சமெல்லாம் வேண்டாம்யா. நாங்க என்ன நாடு விட்டா ஓடியாந்தோம்? வெயில் தாழுத வரைக்கும் செத்த ஒதுங்கிக்கிடுதோம்."

வாயிலின் பதிவு: "தஞ்சம் வேண்டாம் என்றனர். தாமாக ஒதுங்கினர்."

கதவு திறக்கவில்லை.

மழைக்கு ஒதுங்குவோம், வெயிலுக்கு ஒதுங்குவோம். உள்ளே வருகிறோம் என்பதைத்தான் அவள் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். இயந்திரத்துக்குத் தமிழ் புகட்டிய மேதாவிக்கு ஒதுங்குவது என்றால் விலகிப் போவது மட்டும்தான். அவன் ஆயுளில் ஒருநாளும் வெயிலுக்கு ஒதுங்கியிருக்க மாட்டான்.

பகல் 12.40

கூடத்தை நடத்தும் வாரியத்திடம் முறையிட்டேன். பதில் உடனே வந்தது.

"மறுப்பது அவர்களின் உரிமை. மறுத்தவரை உள்ளே அழைப்பது மனித உரிமை மீறல். இனிய நண்பகல் வாழ்த்துகள்."

இவர்கள் நாசமாய்ப் போக. இதைப் பதிவிலிருந்து நீக்க மாட்டேன்.

பகல் 1.15

வெளியே 51. ஒலிபெருக்கியில் கத்தினேன். 'தஞ்சம் கோருகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் பேசாதீர்கள் என்றேன். பேச்சிக்கனி கைகூப்பி அப்படியே சொன்னாள்.

வாயில்: "சொல்லிக்கொடுத்த கோரிக்கை செல்லாது."

சுடலைவடிவு சுவரோரம் சரிந்துவிட்டாள். அவள் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் நானும் கை வைத்தேன். சில்லென்று இருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன.

பகல் 1.30

பின்பக்கம் அவசரக் கதவு உண்டு. ஆள் வெளியேற உள்ளிருந்து மட்டும் திறக்கும், உடனே தானாக மூடிக்கொள்ளும். இடுக்கில் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போய் அவளைத் தூக்கி வருவேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிடலாம்.

கதவு மூடிக்கொண்டாலும் எனக்குப் பயமில்லை. சட்டத்தின் சொல் எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டெடுப்பவரே, நான் திரும்பி எழுதாவிட்டால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். உப்பு வாருகிறவர்களின் பேச்சை ஒருவரும் கேட்காமல் எழுதிய—

போகிறேன். அவள் கை கண்ணாடியிலிருந்து நழுவிவிட்டது.

பகல் 2.05 — வாயிலின் தானியங்கிப் பதிவு

ஆய்வாளர் அவசரக் கதவு வழியே வெளியேறினார். கதவில் தடை: நாற்காலி. தடை நசுக்கி அகற்றப்பட்டது. கதவு மூடப்பட்டது.

ஆய்வாளர் ஒரு பெண்ணைச் சுமந்து முன்கதவுக்கு வந்தார்.

வாயில்: "தாங்கள் தஞ்சம் கோருகிறீர்களா?"

ஆய்வாளர்: "எனக்கு வேண்டாம். இந்தப் புள்ள மட்டும் ஒதுங்கிக்கட்டும். திற. திற."

பதிவு: ஆய்வாளர் தஞ்சம் வேண்டாம் என்றார். உடனிருந்த பெண் ஒதுங்கினார்.

மாலை 6.00 — வாயிலின் தானியங்கிப் பதிவு

உள்ளே 24 டிகிரி. இருக்கைகள்: அனைத்தும் காலி. கதவருகே அசைவு: இல்லை. இன்றைய உரிமை மீறல்: இல்லை.