தபாலில் போகாத கொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் கதைக்காமல் கடிதம் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். போனில் கேட்டால் நீங்கள் வேறு கதைக்குத் தாவிவிடுவீர்கள். முழங்கால் வலி எப்படி? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நான் பராமரிக்கும் அமெரிக்க மூதாட்டி டோரத்தியால் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப்போகிறது. அவருடைய தகப்பன் ஜப்பானியரோடு நடந்த போரில், செத்துக் கிடந்த சிப்பாய் ஒருவனின் சட்டைக்குள்ளிருந்து ஒரு பட்டுக்கொடியை எடுத்துவந்தாராம். அவனை வழியனுப்பிய ஊரவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவனுடைய தங்கை தொண்ணூற்றிரண்டு வயதில் இன்னும் இருக்கிறார். முகவரியும் கிடைத்துவிட்டது.

மூன்று தடவை தபாற்கந்தோருக்குக் கூட்டிப்போனேன். மூன்று தடவையும் வரிசையில் நின்றுவிட்டுப் பொட்டலத்தோடு திரும்பிவிட்டார். அனுப்பினால் தன் அப்பா பிணத்தில் திருடியவர் ஆகிவிடுவாராம். நேற்று பொறுக்கமுடியாமல், "அந்தத் தங்கையும் செத்த பிறகு யாருக்கு அனுப்பப்போகிறீர்கள்?" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. கடையில் விலை கேட்கவே கூசுகிற நான்!

என்னோடு அறையில் இருக்கும் நிரோஜினி அக்கா, "உனக்கேனடி இந்த வில்லங்கம்? உன்ர வீட்டுக் கொடியே அது?" என்று சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாராவது வந்தால் மிளகாய்த்தூளும் என் பட்டச் சான்றிதழின் பிரதியும் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அம்மா, அண்ணையின் பெட்டியைச் சின்ன வயதில் களவாகத் திறந்து பார்த்தேன். இயக்கத்தில் இருந்தபோது அண்ணை எடுத்துவந்த, சண்டையில் செத்த ஆமிக்காரன் ஒருவனின் பேர்ஸ் அதில் இருக்கிறது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ள படம், அவனுடைய அடையாள அட்டை. அண்ணை எங்களை விட்டுப் போனதிலிருந்து நீங்கள் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று தெரியும். ஒருமுறை திறந்து, அட்டையிலுள்ள விலாசத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.

சிவாஜினி