சேனை என்று நான் பெயர் சொன்ன பேய்

அனுப்புநர்:
கிளோட் பல்தசார் (வயது 16),
ஆண்டு பதினொன்று மாணவன்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.

பெறுநர்:
கனம் அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி, மட்டக்களப்பு.

விடயம்: ஆங்கிலப் படமொன்றில் வந்த பேயின் பெயரை நான் தமிழாக்கியதால் படை முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் தச்சுத் தொழிலாளி யூஸ்டஸ் செல்லரை விடுவித்துத் தரும்படி கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. புகார் என்றால் இன்னொருவர்மேல் எழுதுவதுதான் வழக்கம். இது என்மேல் நானே எழுதுவது. ஆனாலும் முதலில் அந்தப் படத்தின்மேல் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

2. இம்மாதம் 10ஆம் திகதி, ஞாயிறு பின்னேரம், ஏறாவூர் முனாப் காக்கா எங்கள் தெருவில் நடத்தும் வீடியோ கொட்டகையில் ஒரு பேய்ப்படம் ஓடியது. பெயரை எழுதினால் அது விளம்பரமாகிவிடும். பறங்கி வீட்டுப் பையன் என்றபடியால் எனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று நம்பி, டெக்குக்குப் பக்கத்தில் நின்று வசனங்களைத் தமிழில் சொல்லும் வேலையைக் காக்கா எனக்குத் தந்திருந்தார். எங்கள் வீட்டில் பேசுவது பறங்கிப் போர்த்துக்கேயம் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சும்மா படம் பார்க்கக் கிடைக்கும்போது எவன் சொல்வான்?

3. ஞானஸ்நானம் பெற்றவன் என்ற முறையில் அப்படத்தின்மீது என் முறைப்பாடு இது. இரண்டு மணி நேரப் படத்தில் பேய்க்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். கடவுளுக்கு ஒரு நிமிடமும் இல்லை. குருவானவர் சிலுவையைச் சுடப்போகும் துவக்கு மாதிரி நீட்டுகிறார். தீர்த்தம் பட்ட இடம் அசிட் பட்டதுபோல் புகைகிறது. எங்கள் பங்குக் கோயிலில் புது மீன்பிடி வள்ளத்துக்கும் அதே தீர்த்தம்தான் தெளிக்கிறார்கள். இதுவரை எந்த வள்ளமும் புகைந்ததில்லை. பேய்க்கு லத்தீன் தெரிகிறது, செபம் தெரிகிறது, குருவானவர் சின்ன வயதில் செய்த பாவமும் தெரிகிறது. மன்னிப்பு என்று ஒன்று இருப்பது மட்டும் அந்தப் படத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் பேயை முழுதாக நம்பினார்கள். ஆண்டவரை நம்பியதாக ஒருவர் சொல்லியும் நான் கேட்கவில்லை.

4. இவ்வளவையும் எனக்கு முன்பே சொன்னவர் யூஸ்டஸ் அங்கிள். பேய்ப்படம் பார்ப்பது பேய்க்குக் கதிரை போட்டுக் கொடுப்பது என்று, அதற்கு முந்தின ஞாயிறு கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசினார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

5. அங்கிள் எங்கள் பங்கின் மரியாயின் சேனைக்குத் தலைவர். நோயாளர் வீடுகளுக்குப் போய்ச் செபமாலை சொல்லும் சபை அது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் ‘லீஜன்’ என்ற சொல் உண்டு. படத்தில் குருவானவர் பெயரைக் கேட்க, பேயும் ‘லீஜன்’ என்றது. நற்செய்தியில் பன்றிகளுக்குள் ஓடிய பேய்க்கூட்டத்தின் பெயரும் அதுவே. கைக்குள் வந்து விழுந்த பகிடியை விட எனக்கு மனம் வரவில்லை. பேயின் குரலில் நான் சொன்னது பின்வருமாறு:

“என்ட பேர் சேனை. நாங்க கனபேர். செவ்வாக்கிழம பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில கூடுவம். தலைவர் யூஸ்டஸ்.”

கொட்டகை முழுவதும் சிரித்தது. சிரிக்காமல் கேட்டுக்கொண்டு ஒருவர் இருந்திருக்கிறார்.

6. செவ்வாய்க்கிழமை சரியாக நாலு மணிக்கு முகாம் ஜீப் வந்தது. அங்கிளையும் சேனையின் அறிக்கைக் கொப்பியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கொப்பியை எழுதுபவர் அங்கிளின் மனைவி வினிபிரட் அன்ரி. அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்ட பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. “வெல்லாவெளிக்கு இருவர் அனுப்பப்பட்டனர், மூன்று வீடுகள் பார்க்கப்பட்டன” என்று இருக்கிறதாம். வெல்லாவெளி என்றாலே முகாமுக்கு இயக்கப் பெடியன்கள்தான் ஞாபகம் வரும். “நம் ஆயுதமாகிய செபமாலை இல்லாதோருக்கு வழங்கப்பட்டது” என்றும் இருக்கிறதாம். வாசிப்பவருக்குத் தமிழ் அரைகுறை என்றால் ஆயுதம் விளங்கும். செபமாலை ஓர் ஆளின் பெயராகத் தெரியும். அப்படித்தான் தெரிந்திருக்கிறது. செபமாலை என்பவன் எங்கே என்று கேட்டுத் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்பெயரில் மூன்று பேர் உண்டு. மூவரும் இப்போது வீட்டில் இல்லை.

7. தங்கள் கச்சேரி அலுவலகத்தின் காணிக் கிளையில் சேனை என்றால் காடு வெட்டிச் சோளம் போடும் நிலம். எங்கள் பங்கில் செபம். முகாமில் துவக்கு. ஒரே சொல்தான், யார் காதில் விழுகிறது என்பதில்தான் ஆளின் உயிர் இருக்கிறது. படத்தில் பெயரைச் சொன்னதும் பேய் விட்டுப் போகிறது. அங்கிளோ பிடித்த அன்றே தன் பெயரையும் சேனையின் பெயரையும் சொல்லிவிட்டாராம். சொன்னதால்தான் விடவில்லை.

8. அவருக்கு வயது அறுபத்தொன்று. நீரிழிவு உண்டு. அன்ரி புதன்கிழமையிலிருந்து தினமும் மாத்திரையோடு முகாம் வாசலுக்குப் போய் மாத்திரையோடு திரும்பி வருகிறார். வெள்ளிக்கிழமை அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. “பகிடி உன்ட, அடி அவருக்கா மனே?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மறுமொழியாகத்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

9. ஆகவே, நன்றாகத் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரை அனுப்பி, அக்கொப்பியை முதல் பக்கத்திலிருந்து முகாம் பொறுப்பாளருக்கு வாசித்துக் காட்டும்படி தயவாய்க் கேட்கிறேன். அதுவரைக்கும் மாத்திரையையாவது உள்ளே போக விடச் சொல்லுங்கள். பேய் பேசியது என் வாயால் என்று எழுத்தில் தர இம்மனுவே போதும். போதாதென்றால் நேரில் வந்து சொல்கிறேன். ஆனால் என்னைத் தனியாக அனுப்ப வேண்டாம்; தாங்கள் கூட வர வேண்டும். என் வயதுப் பையன் அந்த வாசலுக்குத் தனியாகப் போனால் இன்னொரு மனு எழுத வேண்டி வரும். அதை எழுத நான் இருக்கமாட்டேன்.

திகதி: 18.08.1986
இடம்: புளியந்தீவு

இப்படிக்குத் தங்கள் உதவியை நம்பியிருக்கும்,
கிளோட் பல்தசார்
(ஒப்பம்)