கிராணி வீட்டு நாற்காலி

அக்கா,

இன்று தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டும் அந்த வாடை வீட்டுக்குள் வந்து நிற்கிறது. புல்லுக்கு மருந்து அடித்திருந்த பாதையில் நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. சேலைக் கரையைச் சோப்புப் போட்டுக் கசக்கியும் போகவில்லை. உனக்குத் தெரியாத வாடையா? அப்பா முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து மலை மலையாக அடித்துவிட்டு வரும்போது அவரோடு கூடவே வீட்டுக்குள் நுழையுமே, அதேதான். உன் பள்ளிக்கூடச் சட்டையை அப்பா துணியோடு சேர்த்து ஊறவைத்தாள் என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டு நீ ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாய். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு வாளி. உன் துணிக்கு ஒன்று, எங்கள் துணிக்கு ஒன்று.

நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்பாய். உன் மகள் யாஷினியின் கல்யாணத்துக்கு இடம் பார்க்கப் போனேன். ஆமாம், நம் தோட்டத்தில்தான். கிள்ளானில் அத்தனை மண்டபம் இருக்க, அவளுக்குத் தேயிலைக்கு நடுவில், வெட்டவெளியில் தாலி ஏற வேண்டுமாம். இப்போது அதுதான் நாகரிகம். எந்த மலையை விட்டு நீ திரும்பிப் பார்க்காமல் ஓடினாயோ, அதே மலையைத் தேடி உன் மகள் காரில் வந்து இறங்கினாள். தானா ராத்தாவில் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, "சின்னம்மா, நீங்க வரணும். உங்களுக்குத்தான் எல்லா எடமும் தெரியும் லா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உன் முகம் அவளுக்கு. என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

கல்யாண ஏற்பாடு செய்கிற பெண் ஒருத்தியும் கூட வந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். முதலில் தொழிற்சாலைக்கு மேலே உள்ள மேடு. அழகான இடம்தான். ஆனால் காற்று அடிக்கிற அடியில் ஓமத்தீ நிற்காது என்று நான் சொன்னேன். அடுத்தது ஓடைப்பக்கத்துச் சரிவு. "மூணு மணிக்கு மேல இங்க பனி எறங்கிரும், போட்டோல பொண்ணும் தெரியாது மாப்பிள்ளையும் தெரியாது" என்று அவளே வேண்டாம் என்றாள். பாட்டிமார்கள் எப்படி ஏறுவார்கள், ஜெனரேட்டரை எங்கே வைப்பது, கழிவறை எங்கே என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறை. அப்போதுதான் யாஷினி கேட்டாள்.

"சின்னம்மா, தாத்தா இருந்த வீடு எது? அங்கதான் கல்யாணத்த வெக்கணும்னு எனக்கு ஆச."

 உன் கல்யாணத்துக்கு நீ இடம் பார்த்த கதை எனக்குத் தெரியும்.

நீ ஈப்போவில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாய். அத்தான் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்ல வந்தவள், வந்த வேகத்தில் இன்னொன்றையும் சொன்னாய். "நம்ம அப்பா கிராணின்னு சொல்லிட்டேன். லயத்து வீட்டுக்கு வந்து பாத்தாங்கன்னா எல்லாம் முடிஞ்சிரும்." தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கிற கிராணி எங்கே, லயத்து வரிசை வீட்டில் இருந்துகொண்டு மருந்து அடிக்கிற அப்பா எங்கே? ஆனால் நீ இடத்தை முன்பே பார்த்து வைத்திருந்தாய். கிராணி குடும்பம் தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும். அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிற அம்மாவிடம் பின்கதவுச் சாவி இருக்கும். நல்ல திட்டம்தான் அக்கா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீ வாங்கி வந்த கோட்டையும் முழுக்கால் சிலுவாரையும் மாட்டிக்கொண்டு அப்பா கிராணியின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டின் பின்படிக்கு மேல் அதுவரை அவர் கால் வைத்ததில்லை. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவர் மாதிரி இருந்தார். "தோட்டத்துல எத்தன ஆளுங்க வேல செய்றாங்க?" என்று அத்தானின் அப்பா கேட்டார். அப்பா உன்னைப் பார்த்தார். நீதான் பதில் சொன்னாய். அப்புறம் வாசற்படியில் எல்லாரும் நின்று ஒரு போட்டோ.

அவர்கள் வருவதற்கு முன்னால் நீ என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாய். எனக்குப் பாவாடை சட்டை வயது. என் கையை எடுத்து அம்மா தலையில் வைத்தாய். "யாரு கேட்டாலும், எப்ப கேட்டாலும், அப்பா கிராணி. சத்தியம் பண்ணு." பண்ணினேன். அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள்.

கல்யாணத்துக்கு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்ம மாரியம்மன் கோயில்ல வெச்சுக்கலாமேம்மா. நம்ம சனம் நின்னு பாக்கும்." நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "அந்தச் சனம் பாக்கக் கூடாதுன்னுதான் ஈப்போவுல வெக்கிறேன்." மண்டபம் சின்னது, அதனால்தான் யாரையும் கூப்பிடவில்லை என்று அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பெண் பார்த்த கையோடு நீ ஈப்போவுக்குத் திரும்பிப் போன பிறகு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. பினாங்கிலிருந்து திரும்பிய கிராணிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த வீட்டு வேலை போயிற்று. அது கூடப் பரவாயில்லை. காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, கிராணி பெயர்ப் புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினார். "வாங்க கிராணியாரே, இன்னைக்கு நீங்களே பேர் கூப்பிடுங்க." அப்பாவுக்கு எழுத்து தெரியாது. புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மலையே சிரித்ததாம். அன்றிலிருந்து அவருக்குக் கிராணி என்றுதான் பெயர். சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு, "கிராணி மருந்தடிக்கப் போறாரு" என்று கத்துவார்கள். அப்பா கையை ஆட்டிவிட்டுப் போவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவர் செத்த அன்று, தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசலில், லயத்துப் பெரியவர் ஒருத்தர் உன் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, "கிராணி போய்ட்டாரேம்மா" என்று அழுதார். கேலியாகத் தொடங்கியது அவருக்கே மறந்து போயிருந்தது. உன் மாமியார் பெருமையாகத் தலையை ஆட்டினார். உன் பொய்க்கு ஊரே வந்து சாட்சி சொல்லிற்று.  நான் வாயைத் திறக்கவில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், என் கை இருந்தது அம்மா தலையில்.

அதனால்தான் இன்று உன் மகள் கேட்டதும் என் விரல் தானாகவே நீண்டது. "அதோ, அந்த வெள்ளை வீடு. அதான் தாத்தா வீடு."

கிராணி வீட்டை இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிற இடமாக மாற்றிவிட்டார்கள். முன்னால் புல்தரை, வெள்ளைக் கம்பி வேலி. ஏற்பாட்டுக்காரப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "ஆண்டி, இத மொதல்லயே சொல்லிருக்கலாம் லா! மேடை இங்க, சாப்பாடு அங்க" என்று எட்டு வைத்து அளக்கத் தொடங்கினாள். செத்து இத்தனை வருஷம் கழித்து அப்பாவை இன்னொரு முறை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். இந்தத் தடவை உட்கார வைத்தவள் நான். போகட்டும், தாயைப் பறிகொடுத்த பெண், அவளுக்குத் தாய் பொய்க்காரி என்று தெரிய வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

யாஷினி அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி என்னை வேலி ஓரமாகக் கூட்டிப்போனாள். "சின்னம்மா, அம்மா சொல்லிட்டாங்க. தாத்தா மருந்து அடிச்சவரு. வீடு லயத்துல, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல. ஆஸ்பத்திரியில எனக்கும் அப்பாவுக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டு ஒரே அழுக. அப்பா, தனக்கு அது எப்பவோ தெரியும்னு சொல்லிட்டாரு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஏன் சின்னம்மா இன்னமும்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. கோபமில்லை. என்மேல் இரக்கப்பட்டாள். அதுதான் தாங்கவில்லை.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டது யார் பார்த்தாயா? நீ இல்லை. நான்.

லயத்துக்குக் கூட்டிப்போனேன். நம் வீட்டில் இப்போது நேப்பாளத்துப் பையன்கள் இருக்கிறார்கள். குழாயடியில் ஒருவன் மருந்துப் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான். "அவங்க குடியிருக்கிற வாசல்ல நம்ம கூத்து எதுக்கு?" என்றாள் யாஷினி. நல்ல பெண்ணாகத்தான் வளர்த்திருக்கிறாய். அப்புறம் மேலே நம் மாரியம்மன் கோயிலுக்கு ஏறினோம். சிமெண்டுத் தரை, மூன்று பக்கமும் தேயிலை. இங்கும் பனி, இங்கும் மேடு என்று ஏற்பாட்டுக்காரப் பெண் முனகினாள். உன் மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இங்கதான் சின்னம்மா. தாத்தா வீட்டுல வெக்கிறது என் ஆச. இங்க வெக்கணும்கிறது அம்மாவோட கடைசி ஆச."

உன் ஆசையாம்! அப்பா வாய்விட்டுக் கேட்டபோது வெட்டிவிட்டுப் போனாயே, அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து உன் ஆசையாக்கி மகளுக்குக் கொடுத்துவிட்டாய். உன் கண்ணீருக்கு அத்தானும் மகளும் மன்னிப்பும் கொடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் கேட்க வேண்டியதை அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நீ நிம்மதியாகக் கண்ணை மூடினாய்.

உன் கட்டில் பக்கத்தில் நானும் இருந்தேனே அக்கா. உனக்கு நெத்திலி சம்பல் செய்து கிள்ளான் வரைக்கும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். கடை எப்படி நடக்கிறது என்று கேட்டாய். ஊசி போடுகிற மிஸ்ஸியைப் பற்றிப் பேசினாய். அதற்கு முன்பே அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாய் என்று இன்றுதான் தெரிகிறது. என்னிடம் சத்தியம் வாங்கியவள், "இனிமே வேணாம்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாய் வலித்திருக்குமா?

உன் மகளுக்கு உண்மை தெரியும். அத்தானுக்குத் தெரியும். என் மகனுக்குத் தெரியாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாத்தா போய்விட்டார். கிராணி பேரன் என்று ஊரே கூப்பிட்டுத்தான் அவன் வளர்ந்தான். யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் நான் ஆமாம் என்றேன். சிங்கப்பூரில் அவன் வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது, அப்பா கோட்டோடு, கிராணி வீட்டு வாசற்படியில். தன் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக் கதை சொல்கிறான்.

அவன் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வருவான். அதற்கு முன்னால் நான் போன் போட வேண்டும். நீ அழுதுகொண்டே சொன்னாயாம். எனக்கு அழுகை வரவில்லை. எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், துணியை, எங்கள் துணிக்கென்று இருந்த அந்த இன்னொரு வாளியில் ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.