ஆலை மாடுகளை அவிழ்த்த அத்தைக்கு

அத்தை,

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் கரும்புச்சாறு காயும் வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. யாரோ இந்த வருஷத்து முதல் கொப்பரையை அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள். மறையூரில் இந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு வெல்லம் நினைவு வரும். எனக்கு உன் மாடுகள்.

அப்போது மகாராஜா காலம். நம் ஊர்ச் சர்க்கார் பள்ளிக்கூடம் புல் வேய்ந்த ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார். நிலக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்த இடம் ஊரில் அது ஒன்றுதான். ஆனால் கரும்பாலை ஓடும் மாதங்களில் அந்தப் பாய் காலியாகக் கிடக்கும். சக்கையை அடுப்பில் தள்ளவும், சூடு ஆறுமுன் வெல்லம் உருட்டவும் எங்கள் கைகள் வேண்டியிருந்தன. இன்ஸ்பெக்டர் பரிசோதனைக்கு வரும்போது பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தையே எடுத்துவிடுவோம் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. எப்போதும் ஆலை ஓய்ந்தபிறகு வரும் இன்ஸ்பெக்டர், அந்த வருஷம் முன்னதாகவே வந்துவிட்டார்.

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் ஆலைக்கு ஓடிவந்தார். இன்ஸ்பெக்டர் பங்களாவில் காப்பி குடிக்கிறார், குடித்ததும் வந்துவிடுவார், பிள்ளைகளை விடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினார். உன் அண்ணனா அசைவார்? பிழிந்த சாறு காத்திருக்காது, சர்க்கார் காத்திருக்கட்டும் என்றுவிட்டார்.

ஆலையைச் சுற்றிய மாடுகள் உன்னுடையவை. மாமா இறந்தபின் அந்த ஜோடியின் வாடகைதான் உனக்குச் சோறு. நீ நேரே போய் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்தாய். ஆலை நின்றது.

“ஏத்தா, உனக்குப் புள்ளையா குட்டியா? நீ எதுக்கு வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கிற?” என்றார் அப்பா.

எல்லார் முன்னாலும் சொன்ன சொல் அது. நீ மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாய்:

“ஊர்க் கேணி தூர்ந்தா, எங்க வீட்ல குடிக்க ஆளில்லைன்னு பாத்துக்கிட்டா இருப்பேன்? பள்ளிக்கூடமும் ஊருதுதாண்ணே.”

பிறகு எங்களைப் பார்த்து, “என்ன வேடிக்கை, ஓடுங்க” என்றாய்.

ஓடினோம். கையெல்லாம் பாகு; சிலேட்டைக் கீழே வைத்தால் கையை விட்டு வரவில்லை. எங்கள் பின்னாலேயே ஈக்களும் வந்தன. இவற்றையும் ஹாஜரில் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் பாதி மலையாளத்தில் கேட்டார். வாத்தியாருக்குச் சிரிக்கவும் பயம். ஆனால் பாய் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடம் பிழைத்தது.

போனது உன் பிழைப்புதான். சாறு புளித்த கோபத்தில் அப்பா அந்தப் பருவம் முழுக்க உன் மாடுகளைக் கூப்பிடவில்லை. நீ விறகு வண்டி ஓட்டினாய். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நாங்கள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்பாய். ஏன் நிற்கிறாய் என்று யாராவது கேட்டால், மாடு இளைப்பாறுகிறது என்பாய். மறு வருஷம் அப்பாவே மாடு கேட்டு உன் வாசலுக்கு வந்தார். பரிசோதனை என்றைக்கு என்று வாத்தியாரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

அங்கே அஞ்சாம் வகுப்பு வரைதான் இருந்தது. இருந்ததை முடித்தேன். எந்தப் பத்திரத்தையும் நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; கைநாட்டு வைத்ததில்லை. பேத்தி மூணாற்றில் டீச்சர். என் அஞ்சாம் வகுப்பைச் சொல்ல நான் எங்கேயும் கூசியதில்லை.

இப்போது அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், மூடினால் என்ன என்று பேச்சு வந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றும் அங்கே படிக்கவில்லையே, உங்களுக்கென்ன பாட்டி என்கிறார்கள். அவர்களோடு நின்று பேசுவதில்லை. எனக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை இருக்கிறது. கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தில் ஒரு சிறுமி சும்மா உட்கார்ந்திருந்தாள். தாயிடம் பேசிச் சம்மதிக்கவைத்து, நேற்று நானே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் எழுதும்போது டீச்சர் நிமிர்ந்து பார்த்து, பிள்ளைக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார்.

இந்த ஊர்க்காரி என்றேன்.