அதே ரெண்டரை

மார்ச் 4

என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. என்னிடம் கார் ஓட்டக் கற்கும் வங்கிக்காரம்மா, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி குதித்ததில் கண்ணாடி என் காலடியில் விழ, என் பக்கத்து பிரேக்கை நான் ஓங்கி மிதிக்க, வண்டியும் நின்றது, கண்ணாடியும் நொறுங்கியது. "மேடம், உங்க கண்ணாடி..." என்றார். "நீங்க ரோட்டைப் பாருங்க" என்றேன். எனக்குத்தான் ரோடு தெரியவில்லை. முதல்முறையாக அவரை நம்பி உட்கார்ந்து வந்தேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். இருபது வருடமாக எனக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது அவர்தான்.

மார்ச் 5

அவருடைய கண்ணாடிக் கடைக்குப் போனேன். இப்போது கொழுந்தன்தான் பார்த்துக்கொள்கிறான். "பழையபடி ரெண்டரை பவரே போட்டுக் குடுப்பா" என்றேன். உடைந்த துண்டை மெஷினில் வைத்துப் பார்த்தவன் நிமிரவே இல்லை.

"அண்ணி, ரெண்டரை போட்டா உங்களுக்கு எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது."

"பின்ன எவ்வளவு?"

"அஞ்சு."

சண்டை போட்டேன். என் பெயர் எழுதிய அட்டையை எடுத்து நீட்டினான். வருடத்துக்கு ஒரு வரி, எல்லாம் அவர் கையெழுத்து. கால் காலாக ஏறி ஐந்தில் நின்றிருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும்: 'அழுத்தம் இல்லை. நரம்பு நன்று.'

"அண்ணன் சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றான்.

மார்ச் 6

பாவி மனுஷா.

மார்ச் 9

என் அம்மாவுக்குக் கண் அழுத்தம் வந்து ஐம்பது வயதில் பார்வை போனது. அந்தப் பயத்தில், கல்யாணமான புதிதில் இவரிடம் சொன்னேன், கண்ணாடி நம்பர் மூணைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று. அதற்குப் பிறகு வருடாவருடம் இதே கதைதான். டாக்டர் பரிசோதித்ததும் நான் வெளியே ஓடிவிடுவேன். இவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு, சீட்டைச் சட்டைப்பையில் வைத்தபடி வருவார். "அதே ரெண்டரை. கிளம்பு, உன் பலியாடுங்க காத்துக்கிட்டு இருக்கும்."

நானும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். நாத்தனாரைச் சோடாபுட்டி என்று கிண்டல் வேறு. இவர் பக்கத்தில் நின்று சிரிப்பை விழுங்குவார். தடிமன் தெரியாத மெல்லிசுக் கண்ணாடியாகத் தேடிப் பிடித்து, ஓரத்தை இழைத்து இழைத்துப் போட்டிருக்கிறார், எம்டன்.

இந்த மனிதருக்கு நான் மூன்று மாதம் கார் கற்றுக்கொடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கேட்டில் இடித்துவிட்டு, கேட்டிடம் சாரி சொல்வார். பொய் சொல்லவே வராது என்று நினைத்திருந்தேன்.

சரி, அவர் ஏமாற்றினார். எனக்கு நிஜமாகவே தெரியாதா? ஒரு தடவையாவது அந்தச் சீட்டைக் காட்டுங்க என்று கேட்டேனா? — கேட்டு வாங்கிக்கொண்ட பொய்தானே இது.

மார்ச் 12

அட்டையில் இருந்த அஞ்சையே போட்டுக் கொடுத்தான். ஆனாலும் வேலைக்குப் போகவில்லை. போன வருடம் அவர் படுக்கையில் கிடந்ததால் பரிசோதனைக்கே போகவில்லையே. நடுவில் கண்ணில் என்ன நடந்திருக்கிறதோ. "டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடுங்க அண்ணி, நான் வேணா கூட வரேன்" என்றான் கொழுந்தன். வேண்டாம் என்றேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் ஜுரம் என்று சொல்லியிருக்கிறேன்.

பயமா இருக்கு. நீங்க இருந்திருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பீங்க. எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டீங்க என்னை.

மார்ச் 16

போனேன். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கை அணைத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். முடிந்ததும் பழக்கதோஷம், எழுந்து கதவுவரை போய்விட்டேன். டாக்டருக்கும் பழக்கதோஷம். எழுதிக்கொண்டே, "சாரை உள்ள வரச் சொல்லுங்கம்மா" என்றார்.

திறந்த கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவர் இல்ல டாக்டர். என்கிட்டயே சொல்லுங்க."

சொன்னார். ஐந்தேகால். அழுத்தம் இல்லை. நாளை காலை ஏழு மணிக்கு வகுப்பு வைத்திருக்கிறேன்.