பிரின்சி கொடுத்த வினிகர்

மே 4
மாஸ்க் போட்டுப் போட்டே தாடையெல்லாம் பரு. நானும் பிரின்சியும் தேர்வாய் கண்டிகை ஊறுகாய்க் கம்பெனி லேபில் மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறோம். அடுத்த மாதம் ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக்குவார்கள். அந்தப் பிரின்சிதான் இன்று தானாக வந்து ஒரு பாட்டிலை நீட்டுகிறாள்.

"ஆப்பிள் வினிகர்க்கா. நானே கலந்து வச்சிகீறேன். பூசிக்கினு அஞ்சு நிமிஷத்துல கழுவிடு. வேற எதுவும் சேக்காத."

சும்மா கொடுக்கிறாளாம். என்னிடமா?

மே 5
பாட்டிலைத் தொடவில்லை.

மே 7
அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் சோதித்துவிட்டேன். ஊறுகாய்க்குச் செய்கிற அதே புளிப்புச் சோதனைதான் — மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எப்போது ரோஸ் நிறம் வருகிறது என்று பார்ப்பது. விட்ட உடனே ரோஸ்! ரோஸ் சீக்கிரம் வந்தால் புளிப்புக் குறைவு; இதில் அரை சதவீதம்கூட இல்லை. கடை வினிகரே ஐந்து இருக்கும். பச்சைத் தண்ணியக் குடுத்து ஏமாத்தறியாடி? நேர்காணலுக்கு இந்த மூஞ்சியோடதான் நான் போய் நிக்கணும், அதானே?

லேப் கேனிலிருந்து கெட்டி வினிகரை எடுத்து அவள் பாட்டிலில் சரிபாதி ஊற்றிக்கொண்டேன்.

மே 8
பூசிக்கொண்டு படுத்தவள் கழுவாமலே தூங்கிவிட்டேன். இரண்டு கன்னமும் வெந்து கிடக்கிறது. ஐயோ, இன்னா எரிச்சல்!

மே 9
லேப் மேனேஜர் வீரராகவன் சார் பார்த்ததும் பதறிவிட்டார். "பிரின்சி குடுத்ததப் பூசினேன் சார்" என்றேன். பொய் இல்லையே? கேனைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். வாயே திறக்காமல் போனாள். தப்பு செய்யாதவள் சண்டை போட மாட்டாளா?

மே 12
ஊத்துக்கோட்டையில் தோல் டாக்டரைப் பார்த்தேன். "வினிகர்ல பரு போயிடும்னு சொல்ல சரியான ஆதாரம் இல்லம்மா. எண்ணெய்ப் பிசுக்கு வேணா கொஞ்சம் குறையலாம். அதுவும் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி ஊத்தணும், சீக்கிரம் கழுவிடணும். கெட்டியா பூசினா தோலு வெந்துதான் போவும்."

ஷேர் ஆட்டோவில் வரும்போது கணக்குப் போட்டேன். ஐந்து சதவீத வினிகரில் பத்துப் பங்கு தண்ணீர் கலந்தால் — அரை சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. நான் சோதித்ததும் அதே அளவுதான். எனக்காக அளந்து கலந்திருக்கிறாள். நான் இன்னா பண்ணி வச்சிகீறேன்!

மே 13
சொன்னால் லேப் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்?

மே 14
சாரிடம் சொல்லிவிட்டேன். கேனிலிருந்து எடுத்ததையும் சேர்த்து.

ஜூன் 20
பிரின்சிக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. நான் பேக்கிங்கில் மூடி திருகிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் டிபன் டப்பாவோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கன்னம் ஆறிடுச்சாக்கா?"

கிண்டலோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். கிண்டல் இல்லை.